மன்னவனூரில் ஓடிக்கொண்டே இருக்கும், கொடைக்கானலில் கண்ட இடத்தில் நிற்கும்: கைஸ்கேனர் தேடலைச் சரிசெய்வது எப்படி

போன மார்கழியில் மன்னவனூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். ஹாம் (அமெச்சூர் வானொலி) தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, சேர்த்து வைத்த காசில் கைக்கு அடக்கமாக ஒரு ஸ்கேனரும் (அதிர்வெண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, பேச்சு கேட்கும் இடத்தில் நிற்கும் ரேடியோ) வாங்கியிருந்தார். "அண்ணே, தேடல் போட்டா நம்பர் ஓடிக்கிட்டே இருக்கு. ஒரு இடத்துலயும் நிக்க மாட்டேங்குது. செட்டு போயிருச்சா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும்போது எடுத்து வாருங்கள் என்றேன். வந்தார். கொடைக்கானல் பஸ் நிலையத்தில் இறங்கி, செட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "அண்ணே, இங்க வந்தா கண்ட இடத்துல எல்லாம் நிக்குது!"

ஒரே செட். இடையில் முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் மலைப்பாதை. அங்கே நிற்கவே இல்லை, இங்கே நிற்காத இடமே இல்லை. செட்டில் கோளாறு எதுவும் இல்லை. மலையில் ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு வரும் தேடல் சிக்கல்களில் முக்கால்வாசி இப்படித்தான் இருக்கும். அமைப்புகளில் ஒன்று தவறாக இருக்கும். அதோடு, நாம் நிற்கும் இடமும் சேர்ந்து விளையாடும். சமவெளியில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்ட கையேடு இந்த இரண்டாவது விஷயத்தைச் சொல்வதே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். வரிசையாகச் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கைந்தைச் சேர்த்து மாற்றினால், சரியான பிறகும் எதனால் சரியானது என்று தெரியாது.

உரிமம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தாண்டிப் போகாதீர்கள். நம் நாட்டில் வயர்லெஸ் கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 1933ஆம் ஆண்டுச் சட்டக் காலத்திலிருந்தே குற்றம். இப்போது அந்த இடத்துக்கு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. முதலில் அமெச்சூர் தேர்வு எழுதி உரிமம் வாங்குங்கள். உரிமம் வந்த பிறகும் காவல்துறை, வனத்துறை, விமானப் போக்குவரத்து ஆகியவற்றின் பேச்சுப் பக்கம் போகக்கூடாது. அது நமக்கான பேச்சு அல்ல. நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் இரண்டு அதிர்வெண் பட்டைகள், 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையும், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையும், புதியவருக்குத் தாராளமாகப் போதும். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டு பட்டைகளை மனதில் வைத்துத்தான். தேடும் எல்லையை இப்படிச் சுருக்கிக்கொள்வதே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்பதைப் போகப் போகப் பார்ப்பீர்கள்.

முதலில்: நீங்கள் போட்டிருப்பது ஸ்கேனா, தேடலா?

புதியவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். நினைவகத்தில் நீங்கள் பதிந்து வைத்த சேனல்களை மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது ஸ்கேன். ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லை கொடுத்து, இடைப்பட்ட எல்லா அதிர்வெண்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது தேடல். சேனல் எதுவும் பதியாமல் ஸ்கேன் பொத்தானை அழுத்தினால் செட் எதையும் பிடிக்காது, பிடிக்கவும் முடியாது. திரையில் சேனல் எண் ஓடுகிறதா, அதிர்வெண் ஓடுகிறதா என்று பாருங்கள். 144.005, 144.010 என்று ஏறிக்கொண்டே போனால் தேடலில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது: நிச்சயமாக இருக்கும் ஒரு சிக்னலைப் பிடியுங்கள்

கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று தெரியாமல் வாளி ஓட்டையா என்று சோதிக்க முடியாது. தேடல் நிற்கவில்லை என்றால், நிற்க வேண்டிய சிக்னல் ஒன்று அப்போது காற்றில் இருந்ததா என்பதுதான் முதல் கேள்வி.

பழனி மலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி. கோடை பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் பத்து கிலோவாட் சக்தியோடு ஒலிபரப்புகிறது. மதுரை, திண்டுக்கல், தேனி என்று சமவெளியில் அத்தனை ஊர்களிலும் கேட்கும் நிலையம் அது. உங்கள் செட் எஃப்.எம். ஒலிபரப்புப் பட்டையைப் பிடிக்கும் வகை என்றால், மோடை (சிக்னலிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் முறையை) அகல எஃப்.எம். என்று வைத்து, 100 முதல் 101 வரை தேடவிடுங்கள். நின்றால் ஆன்டெனா, ஸ்பீக்கர், தேடும் பகுதி எல்லாம் உயிரோடு இருக்கின்றன.

ஆனால் எல்லாச் செட்டும் அந்தப் பட்டையைப் பிடிக்காது. உதாரணமாக, பலரிடமும் இருக்கும் யூனிடன் பி.சி.125ஏ.டி. 25 முதல் 54 வரை, 108 முதல் 174 வரை, 225 முதல் 380 வரை, 400 முதல் 512 வரை மட்டுமே பிடிக்கும். அதில் 100.5 என்று அடித்தால் ஏற்காது. அது கோளாறு அல்ல, அந்தச் செட்டின் கட்டமைப்பே அப்படி. அப்படிப்பட்டவர்கள் உரிமம் உள்ள நண்பர் ஒருவரிடம் சொல்லி, குறைந்த சக்தியில், முன்பே பேசி வைத்த அதிர்வெண்ணில், அழைப்புக்குறியை (உரிமத்தோடு கிடைக்கும் அடையாளக் குறியை) சொல்லி அரை நிமிடம் பேசச் சொல்லுங்கள். நண்பர் ஒரு ஃபர்லாங் தள்ளி நின்றால் போதும். அருகே நின்றால் சிக்னல் மிக பலமாகி, சோதனையே பொய்த்துவிடும்.

இந்தச் சோதனையில் தேடல் நின்றால் செட்டைப் பற்றிய பயத்தை விட்டுவிடலாம். நிற்காவிட்டால் அடுத்த படிக்குப் போங்கள்.

மூன்றாவது: எல்லை

கீழ் எல்லை 144.000, மேல் எல்லை 146.000 என்று நீங்களே அடியுங்கள். கடையிலிருந்து வரும்போது செட்டில் இருக்கும் எல்லைகள் பெரும்பாலும் அமெரிக்காவின் பட்டைத் திட்டப்படி இருக்கும். அங்கே இரண்டு மீட்டர் பட்டை 148 வரை நீள்கிறது. நமக்கு 146-லேயே முடிகிறது. சில செட்டுகளில் பத்துத் தேடல் எல்லைகள் இருக்கும், அத்தனையும் இயங்கும் நிலையில் இருக்கும். நீங்கள் ஒன்றை மட்டும் மாற்றியிருப்பீர்கள், மற்ற ஒன்பதும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கும். நமக்கு வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அணையுங்கள்.

கை வாக்கிடாக்கியை ஸ்கேனராகப் பயன்படுத்துபவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பவோஃபெங் வகைச் செட்டுகள் வினாடிக்கு மூன்று நான்கு இடங்களைத்தான் பார்க்கும். 136 முதல் 174 வரை 38 மெகாஹெர்ட்ஸ். ஐந்து கிலோஹெர்ட்ஸுக்கு ஓர் இடம் என்று தாண்டினால் (இந்தத் தாண்டலின் அளவுதான் ஸ்டெப்) 7,600 இடங்கள். வினாடிக்கு மூன்று என்றால் ஒரு சுற்று முடிய நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். உங்கள் நண்பர் பத்து வினாடி பேசுகிறார். அந்தப் பத்து வினாடியில் செட் அந்த இடத்தில் இருக்க வேண்டுமென்றால் அது அதிர்ஷ்டம்தான். இந்த வகைச் செட்டில் பட்டை முழுவதையும் தேடாதீர்கள். பேச்சு நடக்கும் இடங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சேனலாகப் பதிந்து, ஸ்கேன் போடுங்கள்.

உண்மையான ஸ்கேனர் வேகமானது. வினாடிக்கு நூறு ஸ்டெப் என்று வைத்தால், இரண்டு மெகாஹெர்ட்ஸை ஐந்து கிலோஹெர்ட்ஸ் ஸ்டெப்பில் நான்கே வினாடியில் சுற்றி வந்துவிடும். எல்லையைச் சுருக்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இந்தக் கணக்குத்தான்.

நான்காவது: ஸ்டெப்

என் அனுபவத்தில் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

தேடல் என்பது ஒரு தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு போவது போல. ஸ்டெப் என்பது எத்தனை வீட்டுக்கு ஒரு வீட்டைத் தட்டுகிறோம் என்பது. 144.000-இல் தொடங்கி 25 கிலோஹெர்ட்ஸ் ஸ்டெப் வைத்தால் செட் தட்டும் கதவுகள் 144.025, 144.050, 144.075 என்று போகும். 144.390-இல் ஒருவர் பேசுகிறார் என்று வையுங்கள். செட் 144.375-ஐத் தட்டும், அடுத்து 144.400-ஐத் தட்டும். ஒன்று 15 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, இன்னொன்று 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி. நடுவில் இருப்பவரைக் கேட்காமலே தாண்டிப் போய்விடும். அவர் காலை முதல் மாலை வரை பேசினாலும் உங்கள் செட் நிற்காது.

12.5 ஸ்டெப் வைத்தால் 144.3875-ஐத் தட்டும். 2.5 கிலோஹெர்ட்ஸ்தான் வித்தியாசம். நிற்கும், ஆனால் குரல் கொஞ்சம் கரகரக்கும். திரையில் தெரியும் எண்ணும் உண்மையான எண் அல்ல. அதை அப்படியே குறித்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சொன்னால் தவறு பரவும். 5 ஸ்டெப் வைத்தால் 144.390-இலேயே நிற்கும்.

இன்னொரு நுட்பம். செட் தட்டும் கதவுகள் கீழ் எல்லையிலிருந்துதான் எண்ணப்படுகின்றன. சில செட்டுகள் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்ளும், பல செட்டுகள் அப்படிச் செய்யாது. 144.000-க்குப் பதில் கை தவறி 144.005 என்று அடித்து, 25 ஸ்டெப் வைத்தீர்கள் என்றால், தட்டும் ஒவ்வொரு கதவும் ஐந்து கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போயிருக்கும். எல்லாச் சிக்னலும் கரகரவென்று கேட்கிறது, எண்கள் 05, 30, 55, 80 என்று முடிகின்றன என்றால் முதலில் கீழ் எல்லையைப் பாருங்கள்.

ஆகவே அமெச்சூர் பட்டையில் 5 கிலோஹெர்ட்ஸ் ஸ்டெப், கீழ் எல்லை துல்லியமாக 144.000. இரண்டு மெகாஹெர்ட்ஸ் என்பதால் நேரமும் அதிகம் ஆகாது.

இதைப் பழகிக்கொள்ள ஓர் அழகான பயிற்சி இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் அமெச்சூர் ரிப்பீட்டர் (ஓர் அதிர்வெண்ணில் வரும் பேச்சை வாங்கி, வேறொன்றில் திரும்ப அனுப்பும் கருவி) ஒன்று உண்டு. அது 437.800 மெகாஹெர்ட்ஸில் கீழே அனுப்புகிறது. நிலையம் நம்மை நோக்கி வரும்போது அதே சிக்னல் ஏறத்தாழ பத்து கிலோஹெர்ட்ஸ் உயர்ந்து 437.810 பக்கம் கேட்கும். தலைக்கு மேல் வரும்போது 437.800. விலகும்போது 437.790 வரை இறங்கும். ரயில் நெருங்கும்போதும் தாண்டும்போதும் ஹாரன் சத்தம் மாறுகிறதே, அதே காரணம். ரிப்பீட்டர் இயங்கும் நாளாகப் பார்த்து, 437.785 முதல் 437.815 வரை எல்லை வைத்து, ஐந்து கிலோஹெர்ட்ஸ் ஸ்டெப்பில் தேடவிட்டு, திறந்த வெளியில் நில்லுங்கள். யாராவது பேசிக்கொண்டிருந்தால், பத்து நிமிடத்துக்குள் செட் மேலிருந்து கீழாக நின்று நின்று இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். முதல் முறை எனக்கு அது நடந்தபோது குளிரில் நின்றுகொண்டிருந்ததே மறந்துபோனது.

ஐந்தாவது: மோடு

அமெச்சூர் குரலுக்கு எஃப்.எம். பண்பலை நிலையத்துக்கு அகல எஃப்.எம். ஏ.எம். மோடில் வைத்து எஃப்.எம். பேச்சைக் கேட்டால் தலையணைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். அகல எஃப்.எம்.மில் சாதாரண ஹாம் பேச்சு கிணற்றடியிலிருந்து வருவது போல மெலிந்து கேட்கும். தானியங்கி மோடு செட்டின் சொந்த ஊர்ப் பட்டைத் திட்டத்தை நம்பியிருப்பது. அதை நீக்கிவிட்டு நீங்களே வையுங்கள். இதில் மேலும் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆறாவது: ஸ்குவெல்ச்

சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைத்து வைக்கும் கதவுதான் ஸ்குவெல்ச். இந்தக் கதவு திறந்தால்தான் தேடல் நிற்கும். முழுக்கத் திறந்து வைத்தால் முதல் இடத்திலேயே நின்று இரையும், நகரவே நகராது. இறுக்கி மூடினால் பலமான சிக்னலுக்கு மட்டுமே திறக்கும்.

முழுக்கத் திறந்து இரைச்சலைக் கேளுங்கள். மெல்ல ஏற்றுங்கள். இரைச்சல் அறுந்து அமைதியாகும் இடம் வரும். அங்கிருந்து ஒரு மயிரிழை மேலே. அவ்வளவுதான்.

மலையில் இருப்பவர்கள் கூடுதலாகச் செய்ய வேண்டியது, இடம் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்வது. கடைத்தெருவில் சார்ஜர்கள், எல்.இ.டி. விளக்குகள், இன்வெர்ட்டர்கள் எல்லாம் சேர்ந்து இரைச்சலை உயர்த்தியிருக்கும். அங்கே ஸ்குவெல்ச்சை உயர்த்தி வைத்துவிட்டு, அதே நிலையில் பூம்பாறைக்கோ மன்னவனூருக்கோ போனால், அங்கே வரும் மெல்லிய சிக்னல்களுக்குக் கதவு திறக்காது. மன்னவனூர்த் தம்பி தன் அண்ணன் கடையில், கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் வைத்து, செட்டை முதன்முதலாக அமைத்திருந்தார். அப்போது வைத்த ஸ்குவெல்ச்தான் கடைசிவரை இருந்தது.

ஏழாவது: பூட்டி வைத்த இடங்கள்

தேவையில்லாத இடத்தில் தேடல் நின்றால், அடுத்த முறை அதைத் தாண்டிப் போகச் சொல்ல ஒரு பொத்தான் இருக்கிறது. லாக்-அவுட். நல்ல வசதி. ஆனால் செட் அதை மறக்காது. தற்காலிகப் பூட்டு என்றால் அணைத்துப் போட்டால் போய்விடும். நிரந்தரப் பூட்டு நீங்களாக எடுக்கும்வரை இருக்கும்.

அந்தத் தம்பியின் உண்மையான சிக்கல் இதுதான். மூஞ்சிக்கல் கடையில் கண்ட இடத்தில் நின்றபோதெல்லாம் அலுத்துப்போய்ப் பூட்டிக்கொண்டே வந்திருக்கிறார். எண்ணிப் பார்த்தபோது எழுபதுக்கு மேல். அதில் ரிப்பீட்டர் ஒன்றின் அதிர்வெண்ணும் அடக்கம். அவர் ஊரில் பேச்சு கேட்கக்கூடிய ஒரே இடத்தைத் தானே பூட்டிவிட்டு, ஊருக்குப் போய் இரவெல்லாம் தேடியிருக்கிறார்.

மெனுவில் தேடல் பூட்டுகளைப் பார்க்கும் இடம் இருக்கும். எல்லாவற்றையும் ஒருமுறை நீக்குங்கள். இனிமேல் நிரந்தரமாகப் பூட்டும் முன் அந்த இடத்தில் குறைந்தது ஒரு நிமிடமாவது நின்று, அழைப்புக்குறி எதுவும் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

நிற்கிறது, ஆனால் சத்தம் இல்லை. நிற்கிறது, ஆனால் ஓடிவிடுகிறது

இவை சின்ன விஷயங்கள். நின்ற பிறகு சத்தம் வராவிட்டால், கைச்செட்டில் கேட்பதற்கான டோன் (குறிப்பிட்ட ஒரு மெல்லிய ஒலி சிக்னலோடு வந்தால் மட்டும் ஸ்பீக்கரைத் திறக்கும் அமைப்பு) தவறுதலாக அமைந்திருக்கும். அதை அணையுங்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஐந்து வினாடியிலோ பத்து வினாடியிலோ செட் நகர்ந்துவிட்டால், தாமத நேரத்தைப் பாருங்கள். யூனிடன் வகையில் தாமதத்துக்கு மைனஸ் 5, மைனஸ் 10 என்ற அளவுகள் உண்டு. அப்படி வைத்தால் பேச்சு முடிந்தாலும் முடியாவிட்டாலும் அத்தனை வினாடியில் கிளம்பிவிடும். இரண்டு என்று வையுங்கள், பதில் வரும்வரை காத்திருக்கும். பேச்சு இரண்டு வினாடிக்கு ஒருமுறை வெட்டி வெட்டிக் கேட்டால், முன்னுரிமைச் சேனல் பார்க்கும் வசதியோ, அருகிலுள்ள டிரான்ஸ்மிட்டரை மோப்பம் பிடிக்கும் வசதியோ இயங்கிக்கொண்டிருக்கும். தேடும்போது இரண்டும் வேண்டாம்.

கண்ட இடத்தில் நிற்கிறது

மலை நகரங்களின் தனிச்சிக்கல் இது. நின்ற இடத்திலேயே செட்டை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் வேலையாக ஆன்டெனாவைக் கழற்றுங்கள்.

கழற்றிய பிறகும் அதே இடத்தில் நிற்கிறதா? அது வெளியிலிருந்து வரும் சிக்னல் அல்ல. செட்டுக்குள் இருக்கும் ஆஸிலேட்டர்களே (அலை உண்டாக்கும் சுற்றுகளே) பிறப்பிக்கும் கீச்சு. எல்லா ஸ்கேனரிலும் சில இடங்களில் இது இருக்கும், எந்த ஊருக்குப் போனாலும் அதே எண்ணில் இருக்கும். இவற்றைத் தயங்காமல் நிரந்தரமாகப் பூட்டலாம்.

கழற்றினால் போய்விடுகிறதா? அப்படியென்றால் வெளியிலிருந்து ஏதோ வருகிறது. ஆனால் அது திரையில் காட்டும் அதிர்வெண்ணில்தான் வருகிறது என்று நம்பிவிடாதீர்கள். உயரமான இடத்தில் ஒலிபரப்புக் கோபுரங்களும், மற்ற சேவைகளின் டவர்களும், செல்போன் டவர்களும் ஒன்றுக்கொன்று அருகே நிற்கும். கைஸ்கேனரின் முன்பகுதி நுட்பமானது. அத்தனை பலத்தைத் தாங்காது. இரண்டு பெரிய சிக்னல்கள் உள்ளே மோதி, காற்றில் இல்லாத மூன்றாவது சிக்னலைப் பிறப்பிக்கும். ஒன்று 150 மெகாஹெர்ட்ஸ், மற்றது 155 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதை இரட்டித்தால் 300. அதிலிருந்து 155 போனால் 145. நம் அமெச்சூர் பட்டையின் நட்டநடுவில் யாரோ பேசுவது போலக் கேட்கும், உண்மையில் அங்கே யாரும் இல்லை. இரண்டு பேச்சு ஒன்றாகக் கலந்து கேட்டால் இதுதான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் என்ற வசதி உங்கள் செட்டில் இருந்தால் அதைப் போடுங்கள். 10 டெசிபல் குறைத்தால் உண்மைச் சிக்னலும் 10 டெசிபல்தான் குறையும், கொஞ்சம் மெலிந்து கேட்டுக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன வகைப் போலிச் சிக்னல் 30 டெசிபல் விழும். பெரும்பாலும் அடியோடு காணாமல் போகும். போய்விட்டதா, போலி. அட்டென்யுவேட்டர் இல்லாத செட்டில் ஆன்டெனாவைப் பாதி மடக்கியோ, சின்ன ஆன்டெனா மாற்றியோ இதே சோதனையைச் செய்யலாம். போலியை லாக்-அவுட் செய்யாதீர்கள். நாளை வேறு இடத்தில் அதே எண்ணில் உண்மையான பேச்சு வரலாம். அட்டென்யுவேட்டரைப் போட்டுக்கொண்டோ, கோபுரம் மறையும்படி ஒரு கட்டடத்தின் மறுபக்கம் போயோ தேடுங்கள்.

பண்பலைப் பாட்டு சம்பந்தமில்லாத இடத்தில் கேட்டால் அது பிம்ப அதிர்வெண், அதாவது ஒரே சிக்னல் வேறோர் எண்ணிலும் தோன்றுவது. இடைநிலை அதிர்வெண் (வரும் சிக்னலைச் செட் உள்ளே மாற்றிக்கொள்ளும் அதிர்வெண்) 10.7 மெகாஹெர்ட்ஸ் உள்ள செட்டுகளில் உண்மையான இடத்திலிருந்து 21.4 தள்ளி இது தோன்றும். 100.5-இன் பிம்பம் 121.9-இல் விழும். பண்பலைப் பட்டையை மட்டும் தடுக்கும் சின்ன வடிகட்டி ஒன்றை ஆன்டெனாவுக்கும் செட்டுக்கும் நடுவே போட்டால் கொடைக்கானல் நகரத்துக்குள் தேடல் எவ்வளவு தெளிவாகிறது என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய ஆன்டெனா வாங்கும் முன் இதை வாங்குங்கள். நகரத்துக்குள் பெரிய ஆன்டெனா சிக்கலைப் பெரிதாக்கும்.

பலமான சிக்னல் இன்னொன்றும் செய்யும். மெல்லிய சிக்னல்களைக் கேட்க முடியாதபடி செட்டைச் செவிடாக்கிவிடும். ஆக, கோபுரத்தடியில் நின்றுகொண்டு தேடல் நிற்கவில்லை என்றாலும் காரணம் அதே கோபுரமாக இருக்கலாம்.

தோட்டப் பகுதிகளில் இன்னொன்று. வினாடிக்கு ஒருமுறை போல "டக்... டக்..." என்று ஒரே சீராகச் சத்தம் வந்து, தேடல் விட்டு விட்டு நிற்கிறதா? காட்டெருமைக்கும் யானைக்கும் போட்ட சோலார் மின்வேலியைப் பாருங்கள். ஈரமான புல் கம்பியைத் தொட்டாலோ, இன்சுலேட்டர் வெடித்திருந்தாலோ ஒவ்வொரு துடிப்பிலும் பொறி பறக்கும். அந்தப் பொறியைத்தான் செட் கேட்கிறது. ஐம்பது மீட்டர் தள்ளிப் போனால் குறையும். வேலிக்காரரிடம் சொன்னால் அவருக்கும் நன்மை, பொறி பறக்கும் வேலியில் மின்சாரம் வீணாகிறது. அந்தக் கம்பியை நீங்கள் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

நிற்கும் இடம்

எல்லாம் சரி, இன்னும் நிற்கவில்லை என்றால், எழுந்து நடங்கள்.

இந்த அதிர்வெண்களில் சிக்னல் கண் பார்வை போலத்தான் போகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் தடையில்லாத விளிம்பில் நின்றால், கணக்குப்படி ரேடியோ அலைக்கான தொடுவானம் 190 கிலோமீட்டர் சுமாருக்குப் போகிறது. மதுரை நேர்கோட்டில் 75 கிலோமீட்டர் சுமார், திருச்சி 145 சுமார். கோக்கர்ஸ் வாக் விளிம்பில் கையளவு ஆன்டெனாவோடு இந்தத் திசை ஊர்களைக் கேட்க வாய்ப்பு இருக்கிறது. அதே மலையில் மன்னவனூர்ப் பள்ளத்தில், ஏரியோரம் நின்றால், சுற்றிலும் மேடு. சிக்னல் தலைக்கு மேலே போய்விடும். அங்கே செட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே வீட்டுக்குள் சோதித்து முடிவெடுக்காதீர்கள். அருகிலுள்ள மேட்டுக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, துணையோடு போங்கள். மாலையில் காட்டெருமை இறங்கலாம். கேட்க விரும்பும் திசையில் பள்ளத்தாக்கு திறந்திருக்கிறதா என்று பார்த்து நில்லுங்கள். சில நேரம் நான்கு அடி நகர்ந்தாலே சிக்னல் வரும், போகும். எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடங்கள் அவை.

நீலகிரியில் முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகை 11 டிகிரிக்குச் சற்று மேல். அதே அளவு வடக்குத் தெற்காகச் சரிந்த ஒரு மலையைத் தேர்ந்தெடுத்து, அந்தச் சரிவின் மேலேயே வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு அதை அமைத்தது. அதனால் ஒரே அச்சில் திருப்பினாலே வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. மலையே கருவியின் ஒரு பாகம். நம் கைச்செட்டுக்கும் அப்படித்தான்.

சூரியப் புள்ளிகளால் இருக்குமா என்று கொடைக்கானலில் கேட்பவர்கள் உண்டு. 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் இருக்கும் ஊர், கேள்வி இயல்பானதுதான். சிற்றலைக்கு அது பெரிய விஷயம். 144, 434 பட்டைகளில் அன்றாடத் தேடல் நிற்காததற்கு அதைக் காரணமாகக் கொள்ளாதீர்கள்.

ஆன்டெனா, பனி, பேட்டரி

செட்டோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா எல்லாப் பட்டைக்கும் சமரசம். 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் 49 சென்டிமீட்டர், 435-க்கு 16 சென்டிமீட்டர் சொச்சம். இழுத்து நீட்டும் ஆன்டெனா இருந்தால் அளந்து வையுங்கள். நேராக, செங்குத்தாகப் பிடியுங்கள். இடுப்பில் மாட்டினால் உடம்பே பாதியை விழுங்கிவிடும்.

மூடுபனி சிக்னலைத் தடுப்பதில்லை. ஆனால் ஆன்டெனா இணைப்புக்குள் ஈரம் புகுந்தால் தடுக்கும். குளிரிலிருந்து அடுப்பு எரியும் வீட்டுக்குள் செட்டைக் கொண்டுவந்தால் கண்ணாடியில் ஆவி படிவது போல உள்ளேயும் படியும். பையிலேயே மூடி வைத்து அரை மணி நேரம் கழித்து எடுங்கள். இணைப்பைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டுங்கள்.

உறைபனிக் காலத்தில் சாதாரண ஆல்கலைன் பேட்டரி சோர்ந்துவிடும். வீட்டுக்குள் முழுக் கட்டம் காட்டிய செட் வெளியே வந்ததும் அணைந்து போவது இதனால்தான். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்கள் குளிரைக் கொஞ்சம் நன்றாகத் தாங்கும். உதிரி ஜோடியைச் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வையுங்கள். பேட்டரி வகை மாற்றும் சிறு சுவிட்ச் பேட்டரி அறைக்குள் இருந்தால் அதையும் மாற்ற மறக்காதீர்கள். ஆல்கலைன் போட்டுவிட்டு சார்ஜ் ஏற்றினால் செல் கசிந்து செட்டைக் கெடுத்துவிடும்.

கடைசியாக: ரீசெட்

இத்தனைக்கும் பிறகு சரியாகவில்லை என்றால் மட்டும். ரீசெட் செய்தால் பதிந்த சேனல்கள், எல்லைகள், பூட்டுகள் எல்லாம் அழியும். ஆகவே அதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதிர்வெண், மோடு, டோன், எந்த இடத்தில் நின்று கேட்டது, ஸ்குவெல்ச் எந்த அளவில் இருந்தது. ரீசெட் ஆனதும் செட் மறுபடி கடையிலிருந்து வந்த பட்டைத் திட்டத்துக்கே போயிருக்கும். கீழ் எல்லை 144.000, மேல் எல்லை 146.000, ஸ்டெப் 5, மோடு எஃப்.எம். என்று மீண்டும் அடித்துவிட்டு, நண்பரைக் கூப்பிட்டு அரை நிமிடம் பேசச் சொல்லுங்கள்.

மன்னவனூர்த் தம்பிக்கு ரீசெட் தேவைப்படவில்லை. பூட்டுகளை நீக்கி, ஸ்குவெல்ச்சை இறக்கிக் கொடுத்து, ஊருக்குப் போனதும் ஏரிக்கரையை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. "அண்ணே, நின்னுருச்சு" என்றார். பின்னால் அந்த ரிப்பீட்டரில் யாரோ தன் அழைப்புக்குறியைச் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கும் கேட்டது.